வால் ஆர்பைத் தொடும் முன்: பாத் ஆஃப் எக்ஸைல் கிராஃப்டிங், ஆரம்பநிலை விளக்கம்

அரக்கர்களைக் கொன்று ஆயுதமும் கவசமும் சேர்க்கும் பாத் ஆஃப் எக்ஸைல் என்ற கணினி விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, "இதில் காசு எங்கே?" என்பதுதான். நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் 2013 அக்டோபரில் இதை வெளியிட்டபோது தங்கக் காசு என்ற ஒன்றே இதில் கிடையாது. 2024 ஜூலையில் தங்கம் வந்தது. ஆனால் அது ஊர் கட்டுவது, பரிமாற்றக் கட்டணம் கட்டுவது போன்ற வேலைகளுக்குத்தான் உதவும், இன்னொரு வீரருக்குக் கைமாற்ற முடியாது. வீரர்களுக்குள் செல்லுபடியாகும் பணம் ஆர்ப்கள் எனப்படும் மாய உருண்டைகள்தான்: கேயாஸ் ஆர்ப், டிவைன் ஆர்ப், எக்சால்டட் ஆர்ப் என்று ஒரு நீண்ட வரிசை. தலைப்பில் உள்ள வால் ஆர்பும் அவற்றில் ஒன்று, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்த ஆர்ப்கள் வெறும் பணமும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பட்டறைக் கருவி. கையில் இருக்கும் கேயாஸ் ஆர்பைக் கொடுத்து இன்னொருவரிடம் காலணி வாங்கலாம். அதே ஆர்பை உங்கள் காலணிமேல் போட்டு அதன் குணங்களைக் கலைத்துப் புதிதாகவும் வரவழைக்கலாம். போட்டால் ஆர்ப் போய்விடும். ஆகவே இந்த விளையாட்டில் கிராஃப்டிங், அதாவது பொருளை மாற்றி மேம்படுத்துவது என்றால் நேரடியாகப் பணத்தைச் செலவழிப்பது என்றே பொருள். பெரும்பாலான ஆர்ப்களின் விளைவு உங்கள் கையில் இல்லை, எதுவும் வரலாம். அதனால் இது செலவு மட்டுமல்ல, சூதும்கூட. நிறுவனம் ஆர்ப்களை நிஜப் பணத்துக்கு விற்பதில்லை, வீரர்கள் அப்படி விற்பதற்கும் தடை இருக்கிறது. எனவே இங்கே தோற்பது உங்கள் நேரம்தான்.

அடிப்படையை முதலில் பார்த்துவிடலாம். ஒரு பொருளில் இருக்கும் சிறப்புக் குணங்களை வீரர்கள் 'மாட்' என்பார்கள். ஒவ்வொரு மாடும் பொருளின் விவரப் பெட்டியில் பெரும்பாலும் ஒரு வரியாகத் தெரிவதால், இந்தக் கட்டுரையில் வரி என்றே சொல்கிறேன். வெள்ளைப் பெயர் கொண்ட பொருளில் இந்த வரிகள் இருக்காது. நீலப் பெயர் மேஜிக், அதிகபட்சம் இரண்டு வரி. மஞ்சள் ரேர், அதிகபட்சம் ஆறு. பழுப்பு நிறத்தில் இருப்பவை யூனிக், அவற்றின் வரிகள் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதப்பட்டவை. ரேரில் உள்ள ஆறில் மூன்று பிரிஃபிக்ஸ், மூன்று சஃபிக்ஸ். உயிர் அளவு பிரிஃபிக்ஸ் பக்கம், நெருப்பு எதிர்ப்பு போன்றவை சஃபிக்ஸ் பக்கம். ஒரு பக்கம் நிறைந்துவிட்டால் அடுத்து வருவது மறுபக்கத்தில்தான் வரும். இந்தச் சின்ன விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வேலை செய்யும்.

ஒவ்வொரு வரிக்கும் தரப்படிகள் உண்டு. உயர்ந்த படி வரவேண்டுமானால் பொருளின் ஐட்டம் லெவலும், அதாவது பொருளுக்கே உரிய நிலை எண்ணும், உயர்ந்திருக்க வேண்டும். மார்புக் கவசத்தில் உயிர் வரியின் உச்சப் படிக்கு 86 தேவை. 70இல் இருக்கும் கவசத்தின்மேல் ஆயிரம் ஆர்பைக் கொட்டினாலும் அது வராது. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் படிகள் தெரியும். இதைப் பார்க்காமல் ஆர்பைக் கொட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

ஆர்ப்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. எந்த ஆர்பைத் தொடும்போதும் ஒரு கேள்வி போதும்: இது சரியாக வராவிட்டால் என்ன போகும்? ஆர்ப் மட்டும் போகுமா, பொருளும் சேர்ந்து போகுமா?

ஆர்ப் மட்டும் போகும் சூதுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆல்டரேஷன் ஆர்ப். நீலப் பொருளின் ஒன்றிரண்டு வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும். பிடிக்கவில்லையா, இன்னொன்று போடலாம். பொருள் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது, பை மட்டும் இளைக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்துகொண்டே போகலாம். ஆபத்து வேறு இடத்திலிருந்து வரும். கை வேகத்தில், வந்த நல்ல வரியின்மேலேயே அடுத்த ஆர்ப் விழுந்து அதை அழித்துவிடும். இதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு. பெட்டகத்தின் தேடல் கட்டத்தில் வேண்டிய வரியின் சொற்களைத் தட்டிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்த வரி விழுந்த கணமே பொருளைச் சுற்றி வெளிச்சக் கட்டம் வரும், கை தானாக நிற்கும்.

வேண்டிய வரி வந்தபின் ரீகல் ஆர்ப் போட்டால் பொருள் மஞ்சளாகி ஒரு புது வரி சேரும். அது உதவாத வரியாக இருந்தால் ஸ்கவரிங் ஆர்பால் துடைத்துவிட்டு முதலிலிருந்து வரவேண்டியதுதான். அப்படித் திரும்ப வர மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஐன்ஹார் என்ற வேட்டைக்காரரோடு பிடிக்கும் மிருகங்களில் கிரேசிக் கைமெரல் என்று ஒன்று உண்டு. அதைப் பலியிட்டால் உங்கள் நீலப் பொருளின் அப்போதைய நிலைக்கு ஒரு நகல் கிடைக்கும். ரீகல் சொதப்பினால் அந்த நகலைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பலாம். மிருகம் விலை உயர்ந்ததுதான். ஆனால் அரிய வரி ஒன்று விழுந்திருக்கும்போது அந்த விலை நியாயமானது.

கவசத்திலும் ஆயுதத்திலும் ஜெம் எனப்படும் திறன் கற்களைப் பொருத்தத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளை இணைக்கும் ஃப்யூசிங் ஆர்பும் இந்த வகைதான். ஆறு துளைகளும் ஒன்றாக இணைந்த கவசம் பலருக்குக் கனவு. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனால் முப்பதாவதிலும் கிடைக்கலாம், மூவாயிரத்திலும் கிடைக்காமல் போகலாம். விலை கொடுத்து வேண்டிய மாற்றத்தைச் செய்துகொள்ளும் மேசையான கிராஃப்டிங் பெஞ்சில் 1500 ஃப்யூசிங் கொடுத்தால் ஆறு இணைப்பு உறுதி, சூதே இல்லை. இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆயிரம் போட்டும் வரவில்லை, "இவ்வளவு போட்டாச்சு, அடுத்த நூறுக்குள் வந்தே தீரும்" என்று மனம் சொல்லும். விளையாட்டுக்கு அந்த ஆயிரம் நினைவில் இல்லை. ஆயிரத்து ஒன்றாவது ஆர்பின் வாய்ப்பு முதல் ஆர்பின் வாய்ப்பேதான். எனவே பெஞ்சா கிளிக்கா என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்கக் கிளம்பிய பிறகு எடுக்கும் முடிவு எதுவும் கணக்குக்குக் கட்டுப்படாது.

கேயாஸ் ஆர்ப் இதில் எந்தப் பக்கம்? மஞ்சள் பொருளின் எல்லா வரிகளையும் கலைத்துப் புதிதாக எழுதுவது அது. குப்பைப் பொருளின்மேல் போட்டால் ஆர்ப் மட்டும்தான் பணயம். ஓரளவு நன்றாக இருக்கும் பொருளின்மேல் போட்டால் அந்தப் பொருளே பணயம். ஆர்ப் ஒன்றேதான், ஆபத்து அந்த நேரத்தில் பொருளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. எஸ்ஸென்ஸ் என்று ஒரு வகை இதைவிடப் பதமானது. அதைப் போட்டால் ஒரு வரி உறுதியாக வரும், மீதி மட்டும் குலுக்கல். கிரீட் எஸ்ஸென்ஸ் என்றால் உயிர் வரி நிச்சயம். புதியவர்களுக்குக் கேயாஸைவிட எஸ்ஸென்ஸையே நான் பரிந்துரைப்பேன்.

பொருளையே பணயம் வைக்கிற ஆட்டம்

எக்சால்டட் ஆர்ப் ஒரு புது வரியைச் சேர்க்கும். வந்தது உதவாத வரியானால் அது இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதை எடுக்க அனல்மென்ட் ஆர்ப் வேண்டும். அனல்மென்ட் எந்த வரியை எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. கெட்ட வரி ஒன்று, நல்ல வரி மூன்று இருந்தால், கெட்டது போகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மீதி மூன்று பங்கும் நல்ல வரி ஒன்றைப் பறிகொடுப்பதற்கான வாய்ப்பு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அனுபவசாலிகளின் முழு வித்தையும் இதற்குள் அடங்கியிருக்கிறது. அந்த மூன்று நல்ல வரிகளும் சஃபிக்ஸ் என்று வையுங்கள். கெட்டது ஒரு பிரிஃபிக்ஸ், இன்னும் இரண்டு பிரிஃபிக்ஸ் இடம் காலி. கிராஃப்டிங் பெஞ்சில் 2 டிவைன் ஆர்ப் கொடுத்தால் "சஃபிக்ஸ்களை மாற்ற முடியாது" என்ற ஒரு வரியைப் பொருளில் பதிக்கலாம். (2022 ஆகஸ்ட் வரை இதன் விலை 2 எக்சால்டட். அப்போது எக்சால்டட்தான் பெரிய நோட்டு.) வேடிக்கை என்னவென்றால், இந்தக் காவல் வரி தானே ஒரு பிரிஃபிக்ஸாக உட்காரும். இப்போது அனல்மென்ட் போட்டால் சஃபிக்ஸ்களை அது தொடாது. பிரிஃபிக்ஸ் பக்கம் இருப்பது இரண்டே வரி: கெட்டதும், காவலும். பாதிக்குப் பாதி.

கெட்டது போனால் வேலை முடிந்தது. ஒரு ஸ்கவரிங் செலவில் பெஞ்சிலேயே காவலையும் நீக்கிவிட்டால் மூன்று நல்ல சஃபிக்ஸும் மூன்று காலி இடமும் மிஞ்சும். காவல் போனால்? பொருள் பழையபடியே இருக்கிறது. 2 டிவைனும் ஒரு அனல்மென்டும் போயிற்று, அவ்வளவுதான். மறுபடி காவல் போட்டு மறுபடி முயலலாம். சராசரியாக இரண்டு முயற்சி, அதாவது 4 டிவைன், 2 அனல்மென்ட்.

என்ன நடந்தது என்று கவனியுங்கள். ஆபத்து மறைந்துவிடவில்லை. பொருளின் தலைமேல் தொங்கிய கத்தி பணப்பையின் பக்கம் நகர்ந்திருக்கிறது. திரும்பக் கிடைக்காத ஒன்றை இழக்கும் ஆபத்தை, மறுபடி சம்பாதித்துக்கொள்ளக்கூடிய ஒன்றை இழக்கும் ஆபத்தாக மாற்றிவிட்டார்கள். பெரிய கைவினைக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களுக்கு நம்மைவிட அதிர்ஷ்டம் அதிகம் என்று நினைக்கிறோம். அவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவைக்கும் படிகள் நம்மைவிடக் குறைவு, அவ்வளவே. அவர்களின் பணப்பைதான் பெரியது.

வால் ஆர்ப்

எந்தக் காவலும் செல்லாத ஒரு ஆர்ப் இருக்கிறது. 2014 மார்ச்சில் வந்த வால் ஆர்ப். கதைப்படி வால் என்பது ரேக்ளாஸ்ட் நிலத்தில் வாழ்ந்து அழிந்த பழைய நாகரிகம். அதன் அரசி அட்ஸிரி நித்திய இளமைக்காகத் தன் மக்களையே பலி கொடுத்தாள், கடைசியில் எல்லாமே அழிந்தது. அந்தக் குணம் ஆர்பிலும் இருக்கிறது. இது பொருளைக் 'கரப்ட்' செய்யும். கரப்ட் ஆன பொருளைப் பிறகு வழக்கமான ஆர்ப் எதனாலும் மாற்ற முடியாது. அதற்கென்றே சில தனி ஆர்ப்களும் பெஞ்ச் வழிகளும் பின்னால் வந்தன. ஸ்கவரிங்கும் போகாது, கேயாஸும் போகாது. ஒரே கிளிக், அதோடு முத்திரை விழுந்துவிடும்.

கவசம், ஆயுதம் போன்றவற்றில் நான்கு விளைவுகள் உண்டு. வீரர்களிடையே நிலைத்த கணக்குப்படி நான்குக்கும் சம வாய்ப்பு. முதலாவது, கரப்ட் முத்திரை மட்டும் விழும், வேறொன்றும் ஆகாது. இரண்டாவது, துளைகளில் சில வெள்ளையாகும். வெள்ளைத் துளையில் எந்த நிற ஜெம்மையும் வைக்கலாம், அதனால் இது சிறு பரிசு. மூன்றாவதுதான் எல்லோரும் துரத்துவது: பொருளின் இம்ப்ளிசிட், அதாவது மேலே தனியாக நிற்கும் வரி, வேறெங்கும் கிடைக்காத ஒரு வால் வரியாக மாறும். நான்காவது, பொருள் முழுவதும் கலைந்து கண்டபடியான வரிகளோடு ஒரு ரேராக வெளியே வரும். யூனிக்காக இருந்தாலும் அதே கதிதான். ஹெட்ஹன்டர் என்ற பெயர்பெற்ற இடைவாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரேர் அரக்கனைக் கொன்றால் அதன் சக்திகளைச் சிறிது நேரம் உங்களுக்குத் தரும். அதன்மேல் வால் ஆர்ப் போட்டு நான்காவது விழுந்தால், கையில் மிஞ்சுவது ஒரு சாதாரணத் தோல் வார். இதைத்தான் வீரர்கள் "ப்ரிக் ஆகிடுச்சு" என்பார்கள். தலைமுழுகிவிட்டுப் போகவேண்டியதுதான்.

மூன்றாவது விழுந்தாலே வெற்றி என்றும் எண்ணிவிட வேண்டாம். வால் வரிகளின் பட்டியல் நீளமானது, அதில் உங்களுக்கு வேண்டியவை ஒன்றிரண்டுதான் இருக்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 5 டிவைனுக்கு ஒரு இடைவார் வாங்குகிறீர்கள். வேண்டிய வரி கிடைக்கும் வாய்ப்பு நாற்பதில் ஒன்று, கிடைத்தால் விலை 60. ப்ரிக் ஆகும் வாய்ப்பு நாற்பதில் பத்து, விலை சைபர். மீதி இருபத்தொன்பதில் வார் தப்பிவிடும், ஆனால் கரப்ட் ஆனதால் 4 டிவைனுக்குத்தான் போகும். எல்லாவற்றையும் கூட்டினால் சராசரியாகக் கைக்கு வருவது 4.4. ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.6 டிவைன் நட்டம், ஆர்ப் விலை தனி. சந்தையில் பெரும்பாலான கணக்குகள் இப்படித்தான் முடியும் என்பது என் எண்ணம். கண்ணை மூடிக்கொண்டு லாபம் வரும் சூதாக இருந்தால் ஆயிரம் பேர் மொத்தமாக இறங்கி விலையைக் கீழே தள்ளியிருப்பார்கள். அந்த 60 டிவைன் வாரை நேராக வாங்கிவிடுவது பல நேரங்களில் மலிவு. படம் பிடித்துப் போடுகிறவர்கள் வென்ற வாரை மட்டுமே காட்டுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வால் ஆர்பைத் தொடவே கூடாதா? தொடலாம், ஜெம்மிலிருந்து தொடங்கலாம். 20ஆம் லெவலுக்கு வந்த ஜெம்மின்மேல் வால் ஆர்ப் போட்டால் லெவல் ஒன்று கூடலாம், குறையலாம், குவாலிட்டி எனப்படும் தரம் மாறலாம், வால் வடிவமாக மாறலாம், ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். எல்லோரும் ஆசைப்படும் 21 வருவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. ஜெம் மலிவான பொருள் என்பதே இதில் உள்ள நல்ல விஷயம். ஒரே ஜெம்மின் பல பிரதிகளை, நீங்கள் பயன்படுத்தாத இரண்டாவது ஆயுதத்தின் துளைகளில் போட்டுவைத்தால் அவை உங்களோடு சேர்ந்து தாமாக வளரும். 20 ஆனதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எட்டு ஜெம் இருந்தால் ஒன்று 21 ஆகியே தீரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எட்டிலும் வராமல் போகும் வாய்ப்பு 34 சதவீதம், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வராவிட்டால் அடுத்த எட்டை வளர்க்கலாம், குடி முழுகிவிடாது. இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரே ஜெம்மைப் போடாமல் இருந்தால் சரி.

கவசத்தில்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் வரிசை முக்கியம். தரத்தை 20க்குக் கொண்டுபோவது, துளை, இணைப்பு, நிறம் என்று செய்ய வேண்டிய எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு, கடைசி வேலையாகத்தான் வால் ஆர்ப். "நன்றாக வந்தால் அப்புறம் இணைத்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள், அருமையான வால் வரி விழுந்த கவசத்தை நான்கு இணைப்போடு வைத்துக்கொண்டு விழிப்பார்கள். போடும் முன், அது போனால் நாளை ஆட்டத்தைத் தொடர மாற்றுக் கவசம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இன்னும் அதற்கு நேரம் வரவில்லை.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. 2018இல் இன்கர்ஷன் லீக்கோடு (சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் புதுப் பருவத்தை லீக் என்பார்கள்) வந்த அட்ஸோவாட்டில் கோயிலில், கரப்ஷன் அறையை மூன்றாம் நிலைக்கு உயர்த்தினால் ஒரு பலிபீடம் கிடைக்கும். அதில் வைக்கும் பொருளுக்கு இரண்டு வால் வரிகள் ஒருசேர விழலாம். பொருள் சுவடே இல்லாமல் அழிந்தும் போகலாம். தோல் வார்கூட மிஞ்சாது. இது ஆரம்பநிலைக் கட்டுரை என்பதால் இதோடு விடுகிறேன்.

விளையாட்டிலேயே மிக உயர்ந்த பொருள்களை வைத்திருப்பவர்களில் பலர் வால் ஆர்ப் பக்கமே போகமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கலாண்ட்ரா கண்ணாடி என்று ஓர் அரிய பொருள் உண்டு, எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும். நகலெடுக்கக் கூலி வாங்கியே சிலர் பிழைக்கிறார்கள். கரப்ட் ஆன பொருளைக் கண்ணாடி நகலெடுக்காது. அவர்களுக்கு ஒரு கிளிக் என்பது பொருளை மட்டுமல்ல, தொழிலையே முடித்துவிடும்.

கடைசியாக, 2024 டிசம்பரில் முன்னோட்ட அணுகலாக வந்த பாத் ஆஃப் எக்ஸைல் 2 ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் வேலை மாறியிருக்கிறது. அங்கே கேயாஸ் ஆர்ப் எல்லாவற்றையும் கலைப்பதில்லை. ஏதோ ஒரு வரியை எடுத்துவிட்டு ஏதோ ஒன்றைச் சேர்க்கும், அதாவது அனல்மென்டின் ஆபத்து அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் விளையாட்டின் சான்ஸ் ஆர்ப் வெள்ளைப் பொருளை நீலமாகவோ மஞ்சளாகவோ, அபூர்வமாக யூனிக்காகவோ ஆக்கும், பொருள் எப்படியும் கையில் இருக்கும். இரண்டாவது விளையாட்டு வந்தபோது அதே பெயர் கொண்ட ஆர்புக்கு இரண்டே முடிவுதான் வைத்திருந்தார்கள்: யூனிக் ஆகும், இல்லையென்றால் பொருள் அழியும். ஸ்கவரிங் ஆர்ப் வெளியீட்டின்போது அதில் இல்லவே இல்லை. முதல் விளையாட்டில் பழகிய கையோடு அங்கே போகிறவர்கள், ஆர்பின்மேல் சுட்டியை வைத்து அதன் விளக்கத்தை ஒருமுறை படித்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள்.